நானூற்றுப் பன்னிரண்டாவது அட்டை

போனை எடுத்து ஒருவர் ‘ஹலோ’ சொல்லும் தொனியிலேயே அவர் சாப்பிட்டாரா, தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாரா, யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தாரா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினொரு வருஷம் ஒரே வேலையைப் பார்த்தால் யாருக்கும் வரும். தையல்காரர் ஆளைப் பார்த்ததும் இடுப்பளவு சொல்வதில்லையா, அது மாதிரிதான்.

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கொஞ்சம் வளவளவென்று போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகப் பேசச் சொன்னால் எனக்கு மூச்சு முட்டும்.

எங்களுடையது விமான நிறுவனம். பறக்கிறவர்களைப் பற்றித்தான் ஊரே பேசும். நான் இருந்தது தரையில். விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகை, அதை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை. அறையில் ஒரு இரும்பு அலமாரி, இரண்டு போன், ஒரு சுவர்க் கடிகாரம், நான். கதவில் ‘அவசரகாலத் திட்டம் – ஊழியர் பிரிவு’ என்று பலகை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ‘அவசரம்’ என்பதை மட்டும் படித்துவிட்டு, கழிப்பறை என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

விமானத்துக்கோ கொட்டகைக்கோ ஏதாவது நேர்ந்து எங்கள் ஊழியர் ஒருவர் அதில் சிக்கினால், அவர் வீட்டுக்கு யார், எப்போது, என்ன வார்த்தையில் சொல்வது? அதுதான் என் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்கள், நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் முதல் எண், இரண்டாம் எண், அந்த எண்ணில் இருப்பவர் என்ன உறவு என்று கட்டங்கள். கீழே ‘வீட்டில் கவனிக்க வேண்டியவர்’ என்று ஒரு கட்டம். அதைச் சேர்த்தது நான். நோயாளி இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று தெரிந்தால் பக்குவமாகப் பேசலாம் அல்லவா.

அந்த அட்டைகளைப் படிக்கிற சுகம் எந்தத் தொடர்கதையிலும் கிடையாது. கல்யாணமான மறு மாதம் அம்மா இரண்டாம் எண்ணுக்கு இறங்குவாள். அடுத்த வருஷம் சத்தமில்லாமல் மறுபடி மேலே ஏறுவாள். ஒரு சூப்பர்வைசர் ஆறு மாதத்தில் மூன்று முறை முதல் எண்ணை மாற்றினார். மூன்றுக்கும் உறவு, ‘சித்தி பெண்’. எத்தனை சித்தியோ. இதையெல்லாம் நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. கேன்டீனில் இரண்டு பேரிடம் தவிர.

நிஜமாகவே ஏதாவது நடந்தால், முதல் அழைப்பில் சொல்ல வேண்டியது அச்சடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். ‘ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. உங்கள் வீட்டவர் குறித்த விவரம் இன்னும் உறுதியாகவில்லை. நாங்களே மறுபடி அழைப்போம். இந்த இடத்தை விட்டு நகர வேண்டாம். தொலைபேசி இணைப்பை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருங்கள்.’ இதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது, குறையவும் கூடாது. எங்கள் எண் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் நானூறு வீடும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு லைன் அடைத்துக்கொள்ளும். கொட்டகைக்குள் யாரும் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் நான் மறுபடி கூப்பிடும்வரை வீட்டில் இருப்பவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. திட்டமே அப்படித்தான்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை. எல்லா வீட்டையும் கூப்பிட்டு, ‘இது ஒத்திகை’ என்று ஆரம்பித்து, அந்த வாசகத்தைப் படித்து, ‘இது ஒத்திகை’ என்று முடிக்க வேண்டும். “சரிங்க மேடம், பால் பொங்குது, வச்சிரட்டுமா” என்பார்கள். “போன தடவையும் இதையேதானே சொன்னீங்க” என்பார்கள். கிளிப்பிள்ளைக்கு இருக்கும் மரியாதைகூட எனக்கு இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், நான் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து வெளியே இன்ஜினை ஓட்டிச் சோதித்தார்கள். முதலில் சொன்ன ‘ஒத்திகை’ அந்தச் சத்தத்தில் போய்விட்டது. எதிர்முனையில் சாமான் ஏற்றும் ஊழியர் ஒருவரின் மனைவி. வாசகம் முழுவதையும் அந்தப் பெண் கேட்டாள். அப்புறம், “அவர் காலைல சாப்பிடாமப் போனாரு” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதுவரை எட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி ஓடியது. அப்புறம் “இது ஒத்திகைம்மா” என்றேன். அழுதாள், சிரித்தாள், “ரொம்ப நன்றி மேடம், ரொம்ப நன்றி” என்றாள். நான் என்னமோ அவள் புருஷனைப் பிழைக்க வைத்த மாதிரி.

அந்த மாதமே வெளியிலிருந்து வந்த தணிக்கைக்காரர் அறிக்கையில் எழுதினார்: ‘ஒத்திகைகள் உண்மைச் சூழலை ஒத்திருக்கவில்லை.’ நான் மேலாளரிடம் போய், ஆரம்பத்தில் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடலாமா, முடிவில் சொன்னால் போதுமே என்றேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாத்துப் பண்ணுங்க. எத்தனை வீடு போனை எடுத்துச்சு, எத்தனை எடுக்கல, எனக்கு அந்த நம்பர் வந்தாப் போதும்.” இதை அனுமதி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள் போலிருக்கிறது.

முதலில் ஒரு நிமிஷம் விட்டுச் சொன்னேன். அப்புறம் பத்து நிமிஷம். பிறகு போனை வைத்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். ஒவ்வொருவரும் முதலில் சொல்வதை ஒரு நோட்டில் எழுதினேன். நீங்கள் கைப்பற்றியிருக்கும் நீல நோட்டு அதுதான். ஒரு மாமியார், “ஸ்கூட்டர் சாவி அவன் பாக்கெட்ல இருக்கு, எடுத்து வைங்க” என்றார். ஒரு கணவர், “இன்னிக்கு அவளுக்கு லீவுன்னு சொன்னாளே” என்று இழுத்தார். விமானி ஒருவரின் அப்பா, ஓய்வு பெற்ற வாத்தியார், நான் படித்ததில் ஒரு பிழையைத் திருத்தினார். அப்புறம் போனைக் கீழே போட்டுவிட்டார்.

மனிதர்களின் உள்ளே இருப்பது வெளியே வருகிற இடம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் தங்கை வீட்டுக்கும் பேசச் சொன்னேன். நான் தங்கை குடும்பத்தோடுதான் இருக்கிறேன். என் அட்டையில் முதல் எண் அவளுடையது. பக்கத்து அறைக் கணக்கர் வாசகத்தைப் படிக்க, நான் இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கை, “ஐயையோ, அப்படியா? எந்த ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சதும் சொல்லுங்க, குக்கரை இறக்கிட்டு வரேன்” என்றாள். அவள் எப்போதும் நிதானமானவள். வீட்டில் ஒரு ஆளாவது அப்படி இருக்க வேண்டும். அதை நோட்டில் எழுதவில்லை.

யாரும் புகார் செய்யவில்லையா என்று கேட்டீர்கள். அதுதான் வேடிக்கை. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் நன்றிதான் சொன்னார்கள். பெயின்ட் அடிக்கும் பிரிவில் ஒருவர் வந்து, “என்னமோ தெரியல மேடம், நேத்து வீட்டுக்குப் போனா அவ கையப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறா” என்று வெட்கப்பட்டார். அந்த வீடு விவாகரத்துவரை போன வீடு. ஒரே ஒரு விமானப் பணிப்பெண் மட்டும் சண்டைக்கு வந்தாள். “எங்கம்மாவுக்கு பிபி மேடம். விளையாட்டா உங்களுக்கு?” மன்னிப்புக் கேட்டேன். அட்டையில் ‘ரத்த அழுத்தம்’ என்று குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த அம்மாவிடம் மட்டும் முதலிலேயே ‘ஒத்திகை’ என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

இனி அந்த அட்டை.

சக்கரமும் பிரேக்கும் பிரிவில் ஒரு மெக்கானிக். ஊமைக்கோட்டான் என்று நான்தான் பெயர் வைத்தேன், பிரிவு முழுக்க ஒட்டிக்கொண்டது. காலையில் ஒரு தலையசைப்பு, சாயங்காலம் ஒரு தலையசைப்பு. கேன்டீனில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். வீட்டில் யார், குழந்தை உண்டா, காதலித்துக் கட்டியதா, பார்த்துக் கட்டியதா, ஒரு துரும்பு கிடைக்காது. வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” “ம்.” இந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்ய முடியும்?

அட்டையில் ஒரே எண். வீட்டு லேண்ட்லைன். உறவு: மனைவி. இரண்டாம் எண் காலி, மனைவிக்குக் கைப்பேசி கிடையாது. போன வருஷம் இரண்டு ஒத்திகையிலும் மதியம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டு சிவப்புக் குறி. நானூற்றுப் பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு. மேலாளர், “அந்த ஒண்ணு என்னம்மா?” என்றார். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அட்டையின் கீழ்க் கட்டத்தை அப்போதுதான் கவனமாகப் படித்தேன். ‘மனைவிக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை 8.45க்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்.’ சின்ன எழுத்தில், கோடு தாண்டாமல் எழுதியிருந்தார். ஓகோ, மதியம் எடுக்காததற்கு இதுதான் காரணமா என்று தெளிவானது. ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள், இல்லாவிட்டால் களைத்துத் தூங்கியிருப்பாள். அப்படியானால் அவள் நிச்சயம் வீட்டில், நிச்சயம் விழித்து, உடுத்திக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்றுதான். வண்டி நாளில், வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

வெள்ளிக்கிழமை காலை 8.20க்குக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். வாசகத்தைப் படித்தேன்.

“சரிங்க. காத்திருக்கேன்.”

அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவில்லை. எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. புருஷனுக்கேற்ற பெண்டாட்டி. 10.15க்குக் கூப்பிட்டு ஒத்திகை என்றேன்.

“அப்படியா? நல்லதுங்க. அவருக்கு ஒண்ணுமில்லையில்ல?”

“ஒண்ணுமில்லை.”

“அது போதும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “வண்டி வந்துச்சு. நீங்க நகரக் கூடாதுன்னீங்களா, அனுப்பிட்டேன். நாளைக்கு அங்க இடமில்லையாம். பரவால்ல, திங்கக்கிழமை போய்க்கிறேன். இதை அவர்கிட்ட சொல்லிராதீங்க மேடம், ரொம்பப் பயப்படுவாரு.”

நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பது என் வேலையில் பாதி.

இங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்றீர்கள். ஆனால் இரண்டு முறை சிவப்பு வாங்கிய அட்டை பச்சையாக வேண்டுமானால், தொடர்ந்து இரண்டு முறை எடுத்திருக்க வேண்டும். விதி அது. விதியை எழுதியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். எழுதின பிறகு விதி விதிதானே.

உங்களிடம் மறைப்பானேன், இன்னொன்றும் இருந்தது. அவள் அழவில்லை. நானூற்றுப் பதினொரு வீட்டையும் நான் கேட்டுவிட்டேன். இந்த ஒரு வீட்டின் கதவு மட்டும் எனக்குத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று தோன்றியது. ஒரே ஒரு வார்த்தை.

திங்கட்கிழமை 8.20. அதே வாசகம். அதே “சரிங்க. காத்திருக்கேன்.” குரல் மட்டும் கொஞ்சம் கனத்திருந்தது. இதுவும் ஒத்திகையா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒத்திகை நடந்துவிட்டதால், திங்கட்கிழமை வருவது நிஜம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஒருவகையில் சரியான கணிப்பு. எந்த நிறுவனம் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஒத்திகை வைக்கும்?

10.05க்குக் கூப்பிட்டு, “இன்னும் உறுதியாகவில்லை” என்றேன். அதுவும் அச்சடித்த வாசகம்தான், இரண்டாம் அழைப்புக்கு உரியது. பேசும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தெரிந்தார். முப்பது அடி தூரம் இருக்கும். பெரிய சக்கரம் ஒன்றைப் படுக்கப் போட்டு, சுற்றிவந்து சுற்றிவந்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் நிமிர்ந்து என்னைப் பார்த்து வழக்கம் போலத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். காதில் அவர் மனைவி, “காத்திருக்கேங்க” என்றாள்.

12.10க்கு மறுபடி கூப்பிட்டேன். மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தபோது அவள் நாக்கு தடித்திருந்தது.

“மேடம்... கை கால் எல்லாம் மரத்த மாதிரி இருக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா? ரெண்டு நிமிஷம் போதும். அதுக்குள்ள நீங்க கூப்பிட்டா லைன் கிடைக்காதேன்னுதான் கேக்குறேன்.”

முதல் முறையாக அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததைப் பார்த்து, “தொலைபேசி இணைப்பை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருங்கள்” என்று படித்தேன்.

“சரிங்க” என்றாள். “அவர் வந்துருவாரில்ல?”

நீல நோட்டில் எழுதிக்கொண்டேன். ‘அவர் வந்துருவாரில்ல.’ பக்கத்தில் பச்சைக் குறி போட்டேன். பிறகு சாப்பிடப் போனேன்.

2.30க்கு, ஒத்திகை முடிந்தது என்று சொல்லக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் எழுந்து போய்விட்டாளே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூன்று மணிக்கும் எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் வாசல் பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்து, சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாதீர்கள் என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாளே.

எட்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். வந்ததும் நேராக என் அறைக்குத்தான் வந்தார். அவராக உள்ளே வந்தது அதுதான் முதல் முறை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், என் கார்டுல அந்த நம்பரை அடிச்சிருங்க.”

அடித்தேன். அவர் போகவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம். அவள் கையெழுத்து. ‘8.20 சம்பவம். 10.05 இன்னும் தெரியலை. 12.10 போன் பண்ணக் கூடாதுன்னாங்க.’ மூன்றாவது வரி கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. நேரம் மூன்றும் என் நோட்டோடு நிமிஷம் பிசகாமல் பொருந்தியது. வேலை சுத்தம்.

“ஆஸ்பத்திரி வண்டி டிரைவர் வந்து கதவைத் தட்டியிருக்காரு. ஜன்னல் வழியா, கம்பெனியிலேர்ந்து போன் வரணும்னு சொல்லி அனுப்பிட்டாளாம். மடியிலயே போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா மேடம். எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே ஆகலையே. நான் இங்கதானே இருந்தேன். நீங்ககூடப் பாத்தீங்களே.”

“பாத்தேன்.”

“யாரு மேடம் சொல்லியிருப்பாங்க? எனக்கு ஏதோ ஆச்சுன்னு யாரு சொல்லுவாங்க?”

இத்தனை நாளும் ‘ம்’ என்பதைத் தாண்டாத மனிதர். எத்தனை பேச்சு, அதுவும் என்னிடம். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் இடுக்கில் கறுப்பு கிரீஸ். எனக்கும் கண் கலங்கியது. “விசாரிக்கிறேன்” என்றேன்.

அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். போனவளைக் கொண்டுவர முடியுமா? “முதல் எண் காலியா இருக்கக் கூடாதே, வேற யார் நம்பர் போடட்டும்?” என்று கேட்டேன். “யாருமில்ல மேடம்” என்றார். தாளை மடித்துக்கொண்டு போனார். அங்கிருந்து உங்களிடம் வந்திருக்கிறார்.

வண்டி வருமென்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை என்பது தெரியுமா? தெரியும், அவளே சொன்னாள். திங்கட்கிழமையும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா? டாக்டர் அளவுக்குத் தெரியாது. கை கால் மரத்துப்போகிறது என்ற குரலைக் கேட்டால் சின்னக் குழந்தைக்கும் தெரிகிற அளவுக்குத் தெரியும். தெரிந்துதான் படித்தேன். ஒத்திகை என்ற அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தால், அவள் ஆஸ்பத்திரிக்குப் பேசியிருப்பாள், வண்டி வந்திருக்கும். சொல்லவில்லை. அவளைக் கொன்றது நான்தான். இதில் மேலாளருக்கோ, பக்கத்து அறைக் கணக்கருக்கோ பங்கில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். அவருடைய அட்டையில் முதல் எண்ணாக என் எண்ணை எழுதியிருக்கிறேன். உறவுக் கட்டத்தில் ‘தெரிந்தவர்’ என்று போட்டிருக்கிறேன். நான் உள்ளே போனாலும் அதை யாரும் மாற்ற வேண்டாம். பாவம், அவருக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?